ஃபைபர் மோடமும் இரண்டாவது ரவுட்டரும்: இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி எனக் கடலோரமாக நீளும் நம் ஊர்களில் ஃபைபர் இணைப்பு எடுத்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுதான். நிறுவனம் பொருத்திய மோடம் பெட்டி இருக்கும் முன்னறையில் வேகம் இருக்கிறது. சமையலறைக்கும் மாடி அறைக்கும் அது வந்து சேர்வதில்லை. இதற்காகக் கடையில் ஒரு ரவுட்டர் வாங்கிவந்து செருகியதும் சில வீடுகளில் நிலைமை சரியாகிறது. சில வீடுகளில் இருந்த இணைப்பும் தடுமாறத் தொடங்குகிறது. வீட்டுக்குள் போன், கணினி போன்ற கருவிகளுக்கு எண்முகவரி வழங்கும் வேலையை ஒரே பெட்டி செய்ய வேண்டும், இரண்டாவது பெட்டி வைஃபை பரப்பும் வேலையை மட்டும் செய்ய வேண்டும், இரண்டுக்கும் நடுவே நல்ல கேபிள் ஓட வேண்டும் என்பதே கீழுள்ள பதில்களின் அடிப்படை. விதிவிலக்கு தேவைப்படும் இடங்களை அந்தந்தக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

நிறுவனம் பொருத்திய பெட்டி என்னென்ன வேலை செய்கிறது?

பலர் நினைப்பதைவிட அதிகமான வேலைகளைச் செய்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை மின் குறிப்புகளாக மாற்றுவது முதல் வேலை. நிறுவனத்தின் சர்வரில் உங்கள் கணக்கைக் காட்டி உள்ளே நுழைவது இரண்டாவது. வெளியிலிருந்து கிடைக்கும் ஒற்றை ஐபி முகவரியை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ளும்படி செய்வதும், ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5 என்பதுபோல ஓர் உள்முகவரி வழங்குவதும் மூன்றாவது. முன்னதற்கு நேட் என்றும் பின்னதற்கு டிஎச்சிபி என்றும் பெயர். நான்காவது வேலைதான் வைஃபை. இந்த நான்கில் பெட்டி பெரும்பாலும் சறுக்குவது கடைசி வேலையில் மட்டுமே. ஆகவே அதை மட்டும் இரண்டாவது ரவுட்டரிடம் ஒப்படைத்து மற்ற மூன்றையும் இருந்தபடியே விட்டுவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும் வழி.

அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, நான் வாங்கிய ரவுட்டரிலேயே ஃபைபரைச் செருக முடியாதா?

முடியாது. கடைகளில் கிடைக்கும் சாதாரண ரவுட்டரில் ஒளியை வாங்கும் துளையே இருக்காது. அப்படி ஒன்று இருந்தாலும், நிறுவனம் தன் பதிவேட்டில் ஏற்றியிருக்கும் பெட்டியைத்தான் அதன் கருவிகள் ஏற்றுக்கொள்ளும். ஃபைபர் முனையை நீங்களாகக் கழற்றிச் செருகிப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். முனையில் ஒட்டும் தூசியே ஒளியை மங்கச் செய்துவிடும். அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை நேருக்கு நேர் பார்ப்பதும் நல்லதல்ல.

எனக்கு இரண்டாவது ரவுட்டர் உண்மையிலேயே தேவையா?

வாங்குவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். ஒரு லேப்டாப்பைப் பெட்டியின் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளை இணைக்கும் துளை) கேபிள் வழியாக இணைத்து வேகத்தைப் பாருங்கள். அங்கேயே நீங்கள் பணம் கட்டும் வேகம் வரவில்லையென்றால் குறை வெளியில் இருக்கிறது. எத்தனை ரவுட்டர் வாங்கினாலும் அது தீராது. கேபிளில் வேகம் சரியாக இருந்து, அடுத்த அறையில் மட்டும் குறைந்தால் குறை வைஃபையில் இருக்கிறது. அப்போதும் முதலில் செய்ய வேண்டியது பெட்டியை இடம் மாற்றுவதுதான். ஃபைபரை இழுத்துவந்தவர் தனக்கு வசதியான இடத்தில், பெரும்பாலும் வாசல் ஜன்னலை ஒட்டி, பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அதை நடுக்கூடத்துக்கு நகர்த்தித் தரும்படி கேட்டால் சிறு செலவில் வேலை முடிந்துவிடலாம்.

நகர்த்தியும் பயன் கிடைக்காத வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. கீழக்கரையில் சுண்ணாம்புச் சாந்து கொண்டு கட்டிய பழைய வீடுகளின் பருத்த சுவர்கள் வெயிலைத் தடுப்பதுபோலவே வைஃபை அலையையும் தடுக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அத்தகைய சுவர் ஒன்றைத் தாண்டியதுமே சோர்ந்துவிடும்; 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சற்றுத் தூரம் போகும். இரும்புக் கம்பி வைத்து வார்த்த கான்கிரீட் தளம் நடுவில் இருக்கும் மாடி வீடுகளிலும் இதே நிலைதான். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் வீடியோவில் அழைக்கும்போது, நடக்கச் சிரமப்படும் பெற்றோர் முன்னறைக்கு எழுந்து வர வேண்டியிருக்கிறது என்றால், அந்த வீட்டுக்கு இரண்டாவது ரவுட்டர் கட்டாயம் தேவை என்றே சொல்வேன்.

கேபிள் இழுப்பது சிரமம். சுவரில் செருகும் ரிப்பீட்டர் போதாதா?

வாட்ஸ்அப் செய்திகளுக்குப் போதும். வீடியோ அழைப்புக்கும் பிள்ளைகளின் இணைய வகுப்புக்கும் பெரும்பாலும் போதாது. ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். மேலும், அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். தனக்கே கிடைக்காத சிக்னலை அது பிறருக்கு எப்படிக் கொடுக்கும்? ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும், மெஷ் எனப்படும் இரட்டைப் பெட்டிகள் இதைவிட நல்லவை. ஆனால் பருத்த சுவர் உள்ள வீட்டில் அவற்றுக்கு நடுவிலும் கேபிள் இருந்தால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

இரண்டாவது ரவுட்டரை எப்படி அமைப்பது?

புதிய ரவுட்டரை இன்னும் மோடத்துடன் இணைக்காமல், ஒரு லேப்டாப்பை மட்டும் அதனுடன் கேபிளில் இணையுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள முகவரியை பிரௌசரில் இட்டு உள்ளே நுழையுங்கள். ஆப்பரேஷன் மோட் என்ற இடத்தில் ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் வேலையை மட்டும் செய்யும் முறை) என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும். அதன்பின் மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை அதில் செருகி, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

பழைய ரவுட்டர்களில் அந்தத் தேர்வு இருக்காது. அதனால் அவை பயனற்றவை ஆகிவிடுவதில்லை. கையால் அமைக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே வரிசை மிகவும் முக்கியம். முதலில் ரவுட்டரின் லேன் முகவரியை மாற்றுங்கள். மோடம் 192.168.1.1 என்ற முகவரியில் இருந்தால் ரவுட்டருக்கு 192.168.1.2 என்று வைக்கலாம். மோடம் மற்ற கருவிகளுக்கு வழங்கும் எண்களின் வரம்புக்குள் அந்த எண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேமித்ததும் புதிய முகவரியில் மறுபடி உள்ளே நுழைந்து வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அமையுங்கள். டிஎச்சிபி சர்வரைக் கடைசியில் அணையுங்கள். அதை முதலிலேயே அணைத்துவிட்டால், கேபிளைக் கழற்றி மாட்டும்போது லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது. ரவுட்டர் பக்கத்துக்குள் மீண்டும் நுழைய லேப்டாப்பில் கையால் முகவரி எழுத வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்தபின் மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் இன்னொரு லேன் போர்ட்டில் செருகுங்கள். வெளி இணைப்புக்கான, வேன் என்று எழுதிய, பெரும்பாலும் தனி நிறத்தில் இருக்கும் துளை காலியாகவே இருக்கட்டும். காலியாக விட்டதைப் பார்த்து, பிறகு வரும் யாரோ ஒருவர் 'தப்பாக மாட்டியிருக்கிறது' என்று கேபிளை அதில் மாற்றிவிடுவதுண்டு. ஆகவே அந்தத் துளையை ஒரு துண்டு டேப்பால் மூடிவைப்பது நல்லது.

நான் எதையும் மாற்றாமல் வேன் போர்ட்டிலேயே செருகினேன். இணையம் வருகிறது. இதில் என்ன குறை?

உங்கள் வீட்டில் இப்போது இரண்டு நேட் இருக்கின்றன. ஒரே இடத்தில் இருந்து பயன்படுத்தும் வரை யூடியூப், வங்கிச் செயலி, வாட்ஸ்அப் அழைப்பு ஆகியவை இதனால் பாதிக்கப்படுவதில்லை. அதனால்தான் பலருக்கு இது தெரிவதே இல்லை. மோடத்தின் வைஃபையில் இருக்கும் அப்பாவின் போனிலிருந்து மாடி ரவுட்டரில் இருக்கும் பிரிண்டருக்கு அச்சிட முயலும்போதுதான் சிக்கல் தெரியும். முன்னறை டிவியில் படத்தைக் காட்ட மாடியிலிருக்கும் போன் டிவியைத் தேடும்; கண்டுபிடிக்காது. மாடியிலிருந்து கீழே இறங்கினால் அழைப்பு அறுந்து மறுபடி இணையும், ஏனென்றால் போனின் முகவரியே மாறிவிடுகிறது. சில இணைய விளையாட்டுகளில் மற்றவர்களுடன் சேர முடியாமலும் போகலாம். உங்களுக்கு இவை எதுவும் தேவையில்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் மோடமும் ரவுட்டரும் 192.168.1 என்ற ஒரே வரிசையில் இருக்கக் கூடாது, ரவுட்டரை 192.168.2.1 என்று மாற்றிவிடுங்கள்.

சில போன்களுக்கு இணையம் வருகிறது, சிலவற்றுக்கு வரவில்லை. ஒருநாள் வருவது மறுநாள் வருவதில்லை. ஏன்?

லேன் போர்ட்டில் செருகிவிட்டு டிஎச்சிபியை அணைக்க மறந்திருப்பீர்கள். இரண்டு பெட்டிகளும் முகவரி வழங்குகின்றன. எது முந்திக்கொள்கிறதோ அதன்படி போன் நடக்கிறது. இரண்டாவதில் அணையுங்கள், எல்லாப் போன்களின் வைஃபையையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

கடற்கரை வீட்டில் கேபிளுக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். ரவுட்டரின் விலையை யோசிக்கும் நேரத்தில் பாதியைக் கேபிளுக்குக் கொடுத்தாலும் தகும். நம் ஊர்களில் கச்சான் வீசும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும் காற்றோடு உப்பு வருகிறது. ஜன்னல் கம்பியைத் தின்கிற அந்த உப்பு, கேபிள் முனையில் இருக்கும் எட்டு மெல்லிய தகடுகளையும் விட்டுவைப்பதில்லை. மொட்டை மாடி வழியாக ஓடிய ஒரு கேபிளின் முனையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்: தங்க நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டிய தகடுகளில் ஒன்றிரண்டில் மட்டும் பச்சை பூத்திருக்கும்.

அந்த ஒன்றிரண்டே வேகத்தைக் குலைக்கப் போதும். 1,000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடிகள் போதும். ஆகவே மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி கெட்டால், இணைப்பு அறுந்துவிடாமல் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறவருக்கு மாடியில் 94 அளவிலேயே வேகம் நின்றால், நிறுவனத்துக்குப் புகார் சொல்வதற்கு முன் கேபிள் முனைகளைப் பாருங்கள். ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் இதே எண்தான் வரும். அதை ரவுட்டரின் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசிய கேபிள் விலை மலிவாகக் கிடைக்கும். உப்புக் காற்றில் அது நிலைக்காது, வளைத்தால் உள்ளே முறியும். கேட்-5இ வகையே 100 மீட்டர் வரை 1,000 எம்பிபிஎஸ் தாங்கும் என்பதால் வீட்டுக்கு அதுவே போதும். கேட்-6 கிடைத்தால் நல்லது. வெளியே ஓடும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறையுள்ள கேபிளை எடுத்துப் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். மின்சார ஒயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்கக் கூடாது. வெளியில் எந்த இடத்திலும் இணைப்பு முனை இருக்கக் கூடாது. வீட்டுக்குள் தொடங்கி வீட்டுக்குள் முடியும் ஒரே நீளக் கேபிளாக இருக்க வேண்டும். சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு, கீழிருந்து மேலாக உள்ளே கொண்டுபோனால், ஐப்பசி மழை கேபிள் வழியாக வழிந்து உள்ளே வராமல் வெளியிலேயே சொட்டிவிடும்.

பக்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கும் கேபிள் இழுக்கலாமா?

செம்புக் கேபிளை இரண்டு வீடுகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்தபடி இழுக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அருகில் இடி விழுந்தாலே அந்தக் கேபிளில் மின்னழுத்தம் பாய்ந்து இரு வீட்டு ரவுட்டர்களையும் கருக்கிவிடலாம். இரண்டு வீடுகளின் எர்த்தும் வெவ்வேறாக இருப்பது இன்னோர் ஆபத்து. இடைத்தூரத்துக்கு ஃபைபரையே இழுத்து, இரு முனைகளிலும் ஒளியையும் மின் குறிப்பையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் எனும் சிறு பெட்டிகளை வைப்பதுதான் சரி. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் தொங்கவிடும் ஃபைபரில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி சேர்த்திருப்பார்கள். உலோகம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வீட்டு இணைப்பை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க உங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர் வைக்கலாமா?

ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் போன் தானாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும். மாறுவது எப்போது என்று முடிவு செய்வது போன்தான், ரவுட்டரல்ல. சில போன்கள் மாடிக்குப் போன பின்னும் கீழ்த்தளப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியானால் மோடத்தின் வைஃபை வலிமையைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

சேனல் மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். மோடத்துக்கு 1 என்றால் ரவுட்டருக்கு 6 அல்லது 11 கொடுங்கள், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். இராமேசுவரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் விடுதிகள் நெருக்கமாக இருப்பதால் இந்த மூன்று சேனல்களும் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். அங்கே வீடு இருப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ரவுட்டரை வாங்கி அறைக்கு அருகில் வைப்பதே நல்லது. 2018-இல் அந்த அலைவரிசையில் கூடுதல் பகுதிகள் உரிமம் இல்லாமல் பயன்படுத்த நம் நாட்டில் திறந்துவிடப்பட்டதால் அதில் இடம் தாராளமாக இருக்கிறது.

பிரிட்ஜ் மோட் என்கிறார்களே, அது எப்போது தேவை?

மேலே சொன்ன நான்கு வேலைகளில் ஒளியை மாற்றுவதை மட்டும் மோடத்திடம் விட்டுவிட்டு, மீதி அனைத்தையும் உங்கள் ரவுட்டர் எடுத்துக்கொள்ளும் முறை அது. நல்ல ரவுட்டர் வாங்கி, பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு, அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணையும் விபிஎன் போன்றவற்றை அதிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குப் பொருந்தும். இதை நிறுவனத்திடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் வகை) இணைப்பு என்றால் பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் (நிறுவனம் தன் இணையத் தடத்தைத் தனியே பிரித்தறிய வைக்கும் எண்) ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எம்டியூ அளவு (ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்று இருக்கட்டும். தரைவழித் தொலைபேசி அதே பெட்டியிலிருந்து வருகிறது என்றால், பிரிட்ஜ் செய்த பிறகும் அது பேசுமா என்பதை முன்பே கேளுங்கள். எல்லா நிறுவனங்களும் இதற்கு இணங்குவதில்லை. இணங்காவிட்டால் வருந்தத் தேவையில்லை. ஆக்சஸ் பாயிண்ட் முறையில் பெரும்பாலோர்க்கு எந்தக் குறையும் வராது.

பிரிட்ஜ் செய்த பிறகும் வெளியூரிலிருந்து என் கேமரா ரெக்கார்டருக்குள் நேரடியாக நுழைய முடியவில்லையே?

ரவுட்டரின் பக்கத்தில் வேன் முகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், நிறுவனமே ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். பழைய வகை ஐபி முகவரிகள் உலகில் தீர்ந்துவருவதால் இப்படிச் செய்கிறார்கள். இதை உங்கள் வீட்டில் எதை மாற்றியும் சரிசெய்ய முடியாது. நிலையான ஐபி முகவரியைக் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். அல்லது கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கலாம், அதற்கு இந்தத் தடை இல்லை.

யாத்திரிகர்களுக்கு வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறோம். அவர்களுக்கும் வைஃபை தர வேண்டும்.

இங்கேதான் இரட்டை நேட்டை வேண்டுமென்றே பயன்படுத்தலாம். மோடத்தின் வைஃபையை விருந்தினருக்கு விடுங்கள். உங்கள் ரவுட்டரை வேன் போர்ட் வழியாக இணைத்து, குடும்பத்தின் போன், கேமரா, கணினி எல்லாவற்றையும் அதன் பின்னால் வையுங்கள். வெளியே இருப்பவர் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, விருந்தினரை இரண்டாவது ரவுட்டரில் விடுகிறார்கள். அப்போது அவர்களுடைய கருவிகளிலிருந்து மோடத்தில் இருக்கும் உங்கள் கேமராவைத் தாராளமாக அடைய முடியும். எப்படி வைத்தாலும் மோடத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும். தாளில் அச்சிட்டு ஒட்டிய சொல்லை அறைக்கு வரும் எவரும் படித்துவிடலாம். கடவுச்சொல் இல்லாமலே வைஃபையில் இணையவிடும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

மின்சாரம் போனதும் இணையமும் போய்விடுகிறது. ரவுட்டரை இன்வெர்ட்டரில்தான் போட்டிருக்கிறேன்.

மோடத்தையும் இன்வெர்ட்டரில் போட்டீர்களா என்று பாருங்கள். ஒன்று அணைந்தாலும் இணைப்பு இல்லை. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், இப்பெட்டிகளுக்கென்றே விற்கும் சிறிய டிசி யூபிஎஸ் நன்றாக உழைக்கும். வாங்கும்முன் இரண்டு அடாப்டர்களிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களைப் படியுங்கள். மோடம் பெரும்பாலும் 12 வோல்ட். ரவுட்டர் 9 வோல்ட்டாகவும் இருக்கலாம். மாற்றிச் செருகினால் பெட்டி கெடும்.

தெருவில் ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கருவி வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபான் வகை இணைப்பில் மின்சாரமே இல்லாமல் வேலை செய்கிறது. ஆகவே தெரு முழுவதும் இருண்டாலும், நிறுவனத்தின் நிலையத்தில் பேட்டரி இருக்கும் வரை உங்களுக்கு இணைப்பு வரும். புயல் எச்சரிக்கை வரும் நாட்களில், கடலுக்குப் போனவர்கள் திரும்பிவரக் காத்திருக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இக்கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏதோ தவறாகிவிட்டது. மோடத்தின் சிறு துளையில் ஊசி விட்டு ரீசெட் செய்யலாமா?

மோடத்தில் வேண்டாம். நிறுவனம் ஏற்றிவைத்த பிபிபிஓஇ, விலேன் விவரங்கள் அழிந்து, ஆள் வந்து சரிசெய்யும் வரை வீடு இணையமின்றி இருக்க நேரலாம். உங்கள் சொந்த ரவுட்டரை எத்தனை முறை வேண்டுமானாலும் ரீசெட் செய்யுங்கள். அமைப்பை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்பதைத் தவிர வேறு இழப்பில்லை.

எங்கள் ஊருக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. 5ஜி சிக்னலை வாங்கித் தரும் பெட்டிதான் இருக்கிறது. இவையெல்லாம் அதற்கும் பொருந்துமா?

பொருந்தும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து கேபிள் எடுத்து, இதே முறையில் ஆக்சஸ் பாயிண்ட் அமைக்கலாம். 5ஜி சிக்னலை வாங்க மாடியில் மாட்டிய பெட்டியிலிருந்து இறங்கும் கேபிள் அதற்கு மின்சாரத்தையும் சேர்த்தே கொண்டுபோகும் என்பதால் அதை மட்டும் கழற்றி உங்கள் ரவுட்டரில் செருகிவிடாதீர்கள்.